முன்பள்ளிப் பெயர்ப் பலகையில் இருக்கும் பெண்

வவுனியாவில் இருந்து மன்னார் வீதியால் போனால் நெளுக்குளத்துக்கு அப்பால் வருவது பூவரசங்குளம். இந்தப் பக்கத்து ஊர்களில் காலை எட்டு மணிக்கு, சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் அம்மாக்களையும் அம்மம்மாக்களையும் காணலாம். எங்கே என்று கேட்டால் சிலர் நேசறிக்கு என்பார்கள். சிலர் பாலர் பாடசாலைக்கு என்பார்கள். இன்னும் சிலர் மொண்டிசோரிக்கு என்பார்கள். எல்லாரும் போவது பெரும்பாலும் ஒரே கட்டடத்துக்குத்தான்.

மொண்டிசோரி ஒரு பெண்ணின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பெண் எழுபது வயதில் எதிரி நாட்டவர் என்ற பெயரோடு சென்னையில் ஒரு வளவுக்குள் கட்டுப்படுத்தி வைக்கப்பட்டிருந்தார் என்பதும், 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்பதும் இன்னும் குறைவான பேருக்கே தெரியும். நகரங்களில் அவருடைய பெயர் கூடிய கட்டணம் வாங்கும் இடத்தின் அடையாளமாகிவிட்டது. ஆனால் அவர் தொடங்கிய முதல் இடத்தில் கட்டணமே இல்லை. வேலைக்குப் போன கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் மாடிப்படிகளில் அலைந்து சுவர்களைப் பழுதாக்குகிறார்கள் என்ற முறைப்பாட்டில்தான் அது பிறந்தது.

வன்னியில் இன்று முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாராக இருப்பவர்களில் பலர், 2009இல் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். பங்கருக்குள்ளும் பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் தறப்பாள்களுக்குள்ளும் இருந்தவர்கள். தங்களுக்குத் தவறிப்போனது தங்கள் பிள்ளைக்குத் தவறக் கூடாது என்ற ஏக்கம் அவர்களிடம் இருக்கிறது. அந்த ஏக்கம் பல வீடுகளில் ஒரு கொப்பியாக உருவெடுக்கிறது. மூன்றரை வயதுப் பிள்ளை அந்தக் கொப்பியில் ஆனா, ஆவன்னா எழுத வேண்டும். எழுதாவிட்டால் முன்பள்ளி சரியில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பற்றிய பயம் தரம் 1க்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. ஒரு பிள்ளை பாடசாலைக்கு ஆயத்தம் என்றால் என்ன என்பதுதான் இங்கே உள்ள கேள்வி. மரியா மொண்டிசோரி தன் வாழ்நாளில் பாதிக்கும் மேலான காலத்தை அந்தக் கேள்வியோடுதான் கழித்தார்.

பிணத்தோடு தனியாக

மரியா 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாராவல்லே என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பன் அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க நிதித்துறை உத்தியோகத்தர். தாய் ரெனில்டே நிறைய வாசிக்கும் பெண். பெண் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிடும் காலம் அது. குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்த பின்னர், மரியா ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலைக்குப் போனார். முதலில் பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். பிறகு மருத்துவம்தான் என்று முடிவெடுத்தார். தகப்பனுக்கு அதில் விருப்பம் இல்லை. தாய் மகளின் பக்கம் நின்றார்.

ரோம் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் நிர்வாண உடலைப் பார்ப்பது முறையல்ல என்று கருதப்பட்டது. அதனால் மற்றவர்கள் போன பிறகு, அவர் பிணங்களோடு தனியாக இருந்து உடற்கூறு படித்தார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவர் ஒருவர். அதே ஆண்டு பேர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில் இத்தாலியைப் பிரதிநிதித்துவப்படுத்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம சம்பளம் வேண்டும் என்று பேசினார்.

ரொட்டித் துணுக்குகள்

பட்டம் பெற்ற பின்னர் ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அந்த வேலையின் பகுதியாக அவர் நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குப் போய்வந்தார். அங்கே மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளும் பெரிய நோயாளர்களோடு சேர்த்தே அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். வெறும் அறை. விளையாட ஒரு பொருளும் இல்லை. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் நிலத்தில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடுவதாகக் காவற்பெண் அருவருப்போடு முறையிட்டாராம். மரியாவுக்கு அது பசியாகத் தெரியவில்லை. விரலால் தொட, பிடிக்க, உருட்ட அந்த அறையில் இருந்த ஒரே பொருள் அந்தத் துணுக்குகள்தான் என்று அவர் விளங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் இட்டார்ட், செகுவான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் எழுத்துகளைத் தேடிப் படித்தார். செகுவானின் புத்தகத்தைத் தன் கையாலேயே முழுவதும் பிரதி எடுத்தார். புலன்கள் வழியாக, கை வழியாகக் கற்பிக்கும் முறை அதில் இருந்தது. 1900இல் இப்படியான பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் ஒரு நிறுவனத்துக்கு, கியுசெப்பே மொண்டெசானோ என்ற மருத்துவரோடு சேர்ந்து பொறுப்பேற்றார். படிக்கவே மாட்டாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகளில் சிலர், சாதாரணப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் வாசிப்பு, எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தார்கள்.

எல்லோரும் அதை அதிசயம் என்று புகழ்ந்தார்கள். மரியாவின் யோசனை வேறு பக்கம் போனது. கைவிடப்பட்ட பிள்ளையாலேயே இது முடியுமென்றால், நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகள் எதனால் இவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்கின்றன என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டார்.

சான் லொரென்சோவின் மாடிப்படிகள்

ரோமின் சான் லொரென்சோ, ரயில் பாதைக்கும் மயானத்துக்கும் அருகே இருந்த வறிய குடியிருப்பு. கட்டட வியாபாரம் நொடிந்தபோது அரைகுறையாக விடப்பட்ட வீடுகளில் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரு கட்டட நிறுவனம் அந்த வீடுகளை வாங்கித் திருத்தி வாடகைக்குக் கொடுத்தது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, பள்ளி வயது வராத பிள்ளைகள் நாள் முழுக்க மாடிப்படிகளில் அலைந்தார்கள். புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கீறினார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துவதைவிட, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்க்க ஆள் போடுவது மலிவு என்று நிறுவனம் கணக்குப் போட்டது. அந்த வேலையை ஒழுங்குபடுத்தித் தரும்படி மரியாவிடம் கேட்டது.

1907 ஜனவரி 6ஆம் திகதி மார்சி வீதியில் அந்த அறை திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். அநேகர் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அழுதுகொண்டும் பயந்துகொண்டும் வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வைக்கப்பட்ட இளம் பெண்ணுக்கு ஆசிரியப் பயிற்சி இல்லை. அந்த இடத்துக்குச் சிறுவர் இல்லம் என்று பெயர் வைத்தார்கள்.

அங்கு போடப்பட்ட விதிகள் இன்றைக்கும் நினைவில் வைக்க வேண்டியவை. கட்டணம் இல்லை. பதிலுக்குத் தாய்மார் பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும். பிள்ளையைப் பற்றி ஆசிரியையோடு வாரத்துக்கு ஒரு தடவையாவது கதைக்க வேண்டும். ஆசிரியை அதே குடியிருப்பிலேயே வசிக்க வேண்டும். பெற்றோர் வந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடமாக இல்லாமல், அவர்களுடைய வீட்டின் நீட்சியாக அந்த அறை இருக்க வேண்டும் என்பதே எண்ணம்.

மரியா அங்கே நெடுநேரம் இருந்து கவனித்தார். உயரம் ஒன்றாகவும் தடிப்பு வெவ்வேறாகவும் இருந்த மர உருளைகளைப் பொருத்தமான குழிகளில் வைக்கும் வேலையில் ஒரு மூன்று வயதுப் பெண்பிள்ளை ஈடுபட்டிருந்தாள். சுற்றிவர மற்றப் பிள்ளைகளைப் பாடவைத்தும் அவள் நிமிரவில்லை. அவள் இருந்த கதிரையைத் தூக்கி மேசையில் வைத்தும் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதே வேலையைச் செய்து முடித்துவிட்டு, நன்றாக நித்திரை கொண்டு எழும்பியவள் போல நிமிர்ந்தாள். சின்னப் பிள்ளைக்கு ஒரு விடயத்தில் ஐந்து நிமிடம்கூட மனம் நிற்காது என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

வசதியானவர்கள் கொடுத்த விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான்கள் மூலையில் கிடந்தன. பிள்ளைகள் தேடிப் போனது மேசை துடைக்க, கை கழுவ, பொத்தான் பூட்ட, சாப்பாடு பரிமாற. ஒரு நாள் மரியா லேஞ்சியால் சத்தமில்லாமல் மூக்குச் சீறுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஏன் என்று யோசித்தபோதுதான் அவருக்கு விளங்கியது. மூக்கு வடிகிறது என்று எல்லோரும் அவர்களை ஏசியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் மரியாதையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் கை, பிறகு எழுத்து

சான் லொரென்சோவின் தாய்மாரும் நம் தாய்மாரைப் போலத்தான். பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி மரியாவிடம் கேட்டார்கள். மரியாவுக்குத் தொடக்கத்தில் விருப்பம் இருக்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டார்.

சொரசொரப்பான கடதாசியில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை அந்த எழுத்தின் மேல், எழுதும் திசையிலேயே விரலை ஓட்டும். ஆசிரியை அந்த எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்வார். இதற்கு முன்னரே, மர உருளைகளின் சிறிய பிடிகளை மூன்று விரலால் தூக்கித் தூக்கிப் பென்சில் பிடிக்கும் பிடி விரல்களுக்கு வந்திருந்தது. உருவ அச்சுகளைச் சுற்றிக் கோடு கீறி, உள்ளே நிறம் தீட்டிக் கைக்கு நிதானம் வந்திருந்தது. வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கவும் பழகியிருந்தார்கள். அப்படி இருக்க, அதே ஆண்டின் இறுதியில் ஒரு நாள் ஒரு பையன் வெண்கட்டியால் நிலத்தில் எழுதத் தொடங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். நிலம், சுவர், கதவு எல்லாம் எழுத்து. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள். அவர்களை யாரும் கொப்பியில் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை.

இதை வாசிக்கும்போது விஜயதசமி ஞாபகம் வரும். ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியில் அகரம் எழுத வைக்கிறோம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதித்தான் பிள்ளைகள் பழகினார்கள். பென்சிலுக்கு முன்னர் விரல் என்பது நமக்குத் தெரிந்த விடயம்தான். அந்த ஒரு நாளோடு அதை விட்டுவிட்டு, அடுத்த நாளே கோடு போட்ட கொப்பியைக் கொடுக்கிறோம்.

இத்தாலிய மொழிக்கு இருபத்தொரு எழுத்துகள் போதும். தமிழில் உயிர் 12, மெய் 18, அவை சேர்ந்து பிறக்கும் உயிர்மெய் 216. நம் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் வேலை இன்னும் கூட. ஆகவே அவசரப்படுத்துவதற்கான காரணம் இன்னும் குறைவு. மணல், அரிசி, புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, சிரட்டை, வாளி, தும்புத்தடி இவை எல்லாம் வன்னியில் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. ஒரு சிரட்டையில் இருந்து இன்னொரு சிரட்டைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றும் பிள்ளை எழுத்துக்குத்தான் ஆயத்தமாகிறது. அம்மாவின் கண்ணுக்கு அது விளையாட்டாகத் தெரியும். அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தும் நேரமும் தகுதியும் ஆசிரியைக்கு வேண்டும். சான் லொரென்சோவில் வாரத்துக்கு ஒரு சந்திப்பு என்று விதி போட்டதன் பயன் இங்கேதான்.

மெசினாவின் அறுபது பிள்ளைகள்

1908 டிசம்பர் 28ஆம் திகதி தென் இத்தாலியின் மெசினா நகரம் பூகம்பத்தில் இடிந்தது. பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இடிபாடுகளுக்குள் தனியாகக் கண்டெடுக்கப்பட்ட ஏறக்குறைய அறுபது பிள்ளைகள் ரோமில் கியுஸ்தி வீதியில் இருந்த கன்னியாஸ்திரிகளின் மடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலருடைய பெயரோ, யாருடைய பிள்ளை என்பதோ ஒருவருக்கும் தெரியாது. பேசமாட்டார்கள். சாப்பிடமாட்டார்கள். இரவில் நித்திரை இல்லை. அழுகைதான்.

வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு இந்தப் பிள்ளைகளை விவரிக்கத் தேவையில்லை.

அந்த மடத்தில் மொண்டிசோரி முறையில் ஓர் இல்லம் அமைக்கப்பட்டது. சிறிய மேசை கதிரைகள், நிறமான திரைகள், பூச்சாடிகள், அழகான கோப்பைகள் வந்தன. அகதிப் பிள்ளைகள்தானே, தகரக் கோப்பை போதும் என்று யாரும் சொல்லவில்லை. கன்னியாஸ்திரிகள் மேசை விரிப்பது, கோப்பை தூக்குவது, பரிமாறுவது எல்லாவற்றையும் நிதானமாகச் செய்து காட்டினார்கள். பிள்ளைகள் அவற்றைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். பிறகு தோட்டம். மெல்ல மெல்லப் பசி வந்தது, நித்திரை வந்தது. ஓடிப் பிடித்து விளையாடும் சத்தமும் வந்தது.

இந்த அனுபவம் மரியாவை விட்டுப் போகவில்லை. முதலாம் உலக யுத்தத்தின்போது 1917இல் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். காயப்பட்ட படையினருக்குச் செஞ்சிலுவைச் சங்கம் இருப்பதுபோல, யுத்தத்தில் மனம் காயப்பட்ட பிள்ளைகளுக்கு வெண்சிலுவை என்ற அமைப்பு வேண்டும். ஆசிரியர்களுக்கு முதலுதவியும் பயந்த பிள்ளைகளைக் கையாளும் முறையும் பழக்கி, யுத்தம் நடக்கும் இடங்களுக்கே அனுப்ப வேண்டும். அன்றைய உலகம் அதைக் கேட்கவில்லை. அந்த அமைப்பு உருவாகவே இல்லை.

மறைத்து வைக்கப்பட்ட மகன்

உலகத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய இந்தப் பெண், தன் பிள்ளையைத் தானே வளர்க்க முடியாமல் போனவர். 1898இல் மொண்டெசானோவுக்கும் அவருக்கும் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. திருமணம் நடக்கவில்லை. மணமாகாத பெண்ணுக்குப் பிள்ளை என்று தெரிந்தால் அன்றைய இத்தாலியில் அவருடைய தொழில் அன்றோடு முடிந்துவிடும். மரியோ என்று பெயரிடப்பட்ட அந்தப் பிள்ளை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. மரியா இடைக்கிடை போய்ப் பார்த்து வந்தார். பிறகு மொண்டெசானோ வேறு பெண்ணை மணந்தார். மரியா அந்த நிறுவனத்தை விட்டே வெளியேறினார்.

1912இல் மரியாவின் தாய் இறந்த பின்னர்தான், பதினைந்து வயதளவில் மரியோ தாயோடு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகும் நீண்ட காலம் அவன் அவருடைய உறவுக்காரப் பையன் என்றே வெளியில் அறியப்பட்டான். தாயின் கடைசி நாள் வரை மரியோ அவரோடு இருந்தார். பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார். மொழிபெயர்த்தார். தாய்க்குப் பின்னர் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

புகழும் அதன் விலையும்

1909இல் மரியா தன் முறையைப் புத்தகமாக எழுதினார். அது பல மொழிகளுக்குப் போனது. 1913இல் அமெரிக்காவில் கார்னகி மண்டபம் நிறையக் கூட்டம். 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை அமைத்து, பிள்ளைகள் வேலை செய்வதை மக்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

இந்தக் கட்டத்தில் அவர் மீது வந்த விமர்சனங்களையும் சொல்ல வேண்டும். கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1914இல் அவருடைய முறையைக் கடுமையாக விமர்சித்து ஒரு புத்தகமே எழுதினார். கற்பனைக்கும் கூட்டு விளையாட்டுக்கும் அதில் இடம் போதாது என்பது விமர்சனங்களில் ஒன்று. தன்னிடம் பயின்றவர்கள் மட்டுமே தன் முறையைக் கற்பிக்க வேண்டும், உபகரணங்கள் தான் வகுத்தபடியே இருக்க வேண்டும் என்று மரியா பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் முறையின் தரத்தைக் காத்தது. அதே பிடிவாதம் அதை விலை கூடியதாகவும் ஆக்கியது. ஏழைக் குடியிருப்பில் பிறந்த ஒன்று பணக்காரப் பிள்ளைகளின் பாடசாலையாக மாறிய கதையில் அவருக்கும் பங்கு உண்டு.

சீருடை அணிந்த பிள்ளைகள்

1924இல் முசோலினியின் அரசாங்கம் மொண்டிசோரி பாடசாலைகளுக்கு ஆதரவு கொடுத்தது. உலகப் புகழ் பெற்ற இத்தாலியப் பெண் ஒருவர் தன் பக்கம் நிற்பது முசோலினிக்கு இலாபம். தன் சொந்த நாட்டில் தன் பாடசாலைகள் பெருகுவது மரியாவுக்கு இலாபம். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இந்த உடன்பாடு நீடித்தது. அந்த ஆண்டுகளில் இத்தாலியச் சிறுவர்கள் கறுப்புச் சட்டை அணிந்து அணிவகுத்தார்கள். ஆசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாசமாகச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. தானாக யோசிக்கும் பிள்ளையை வளர்க்கும் முறையும் கட்டளைக்குப் பணியும் பிள்ளையைக் கேட்கும் ஆட்சியும் எத்தனை நாளைக்கு ஒத்துப்போகும்? 1934இல் உறவு முற்றாக முறிந்தது. மரியா இத்தாலியை விட்டுப் போனார். அங்கே அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மனியிலும் ஹிட்லர் ஆட்சி அவற்றை மூடியது.

அந்தப் பத்து ஆண்டுகளை மறந்துவிட்டு அவரை வெறுமனே சமாதானத் தூதுவராகக் காட்டும் கட்டுரைகள் நிறைய உண்டு. வன்னி வாசகர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. யுத்தத்துக்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல முன்பள்ளிகள், பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்புக்குள் கொண்டுவரப்பட்டன. அங்கு வேலை செய்த ஆசிரியைகளுக்கு, மாகாணக் கல்வி நிர்வாகத்தின் கீழ் இருந்த ஆசிரியைகளைவிடப் பல மடங்கு சம்பளம் கிடைத்தது. கணவனை இழந்து, காணியை இழந்து நின்ற பெண்கள் அந்தச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டதைக் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் வகுப்பறையைப் பாதுகாப்பு அமைச்சு நடத்த வேண்டி வந்தது எதனால் என்று கேட்கத்தான் வேண்டும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளி மாகாண சபையின் விடயம். அந்த அதிகாரத்துக்குப் பணமும் ஆளும் கொடுக்காமல் விட்டால், வெற்றிடத்தை நிரப்ப வேறொருவர் வருவார். உதவியோடு ஆட்சியின் கையும் வகுப்பறைக்குள் வருகிறது என்பதை மரியா பத்து ஆண்டுகள் கழித்தே ஏற்றுக்கொண்டார்.

அடையாறில் எதிரி நாட்டுப் பெண்

இத்தாலியை விட்ட மரியாவுக்குப் பார்சிலோனா வீடாக இருந்தது. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஒரு பிரித்தானியக் கப்பலில் ஏறித் தப்பினார். நெதர்லாந்து அடுத்த புகலிடம். இடம்பெயரும்போது கொண்டுபோக முடிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு போவது என்றால் என்ன என்று அறுபத்தைந்து வயதில் அவர் அறிந்தார்.

1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பில், மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும் அவருடைய துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். மூன்று மாதப் பயிற்சிக்கு என்று வந்தவர். ஓலைக் கொட்டகைகளில் ஏறக்குறைய முந்நூறு பேர் அமர்ந்து படித்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. பிரித்தானிய இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரிகள் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முசோலினியோடு முறித்துக்கொண்டு நாட்டை விட்டு வந்த மரியா, இத்தாலியர் என்பதற்காக அடையாறு வளவுக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். பிறந்த இடத்தையும் பேசும் மொழியையும் வைத்து ஒருவரைச் சந்தேகிப்பது எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாள் அந்த ஆகஸ்ட் 31. பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக வைஸ்ராயிடம் இருந்து தந்தி வந்தது. தத்துப் பிள்ளை, உறவுக்காரப் பையன் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட மரியோ, அந்தத் தந்தியில் மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார்.

யுத்தம் முடியும் வரை அவர்கள் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் சில காலம் தங்கினார்கள். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். மரத்தில் இருந்தும் பூச்சியில் இருந்தும் நட்சத்திரத்தில் இருந்தும் உலகத்தை ஒன்றாகப் பார்க்கும் கல்வி அங்கேதான் வளர்ந்தது. தமிழ்நாட்டில் தாய்மார் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்தைக்கும் கோயிலுக்கும் போவதை அவர் கவனித்தார். குழந்தை எல்லாவற்றையும் பார்க்கிறது, எல்லாப் பேச்சையும் கேட்கிறது. பிறந்த நாளில் இருந்தே குழந்தை சூழலை உறிஞ்சி எடுக்கிறது என்ற அவருடைய கருத்து இந்திய ஆண்டுகளின் விரிவுரைகளில் முழு உருவம் பெற்றது. அந்த விரிவுரைகள் 1949இல் அடையாறிலேயே நூலாக வெளிவந்தன. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை அவர் பயிற்றினார்.

1944இல் அவர் இலங்கைக்கு வந்து ஒரு பயிற்சிநெறியை நடத்தினார். நம் நாட்டுப் பெயர்ப் பலகைகளில் அவருடைய பெயர் இன்றும் இருப்பதில் அந்த வருகைக்கும் பங்கு உண்டு.

கடைசி ஆண்டுகள்

1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் சமாதானப் பரிசுக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் கடற்கரை ஊரில் எண்பத்தொரு வயதில் இறந்தார். எங்கே இறக்கிறேனோ அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டிருந்தபடி அங்கேயே அடக்கம் நடந்தது. பின்னர் இத்தாலி தன் ஆயிரம் லீரா நோட்டில் அவருடைய முகத்தை அச்சிட்டது.

அவருடைய பெயரைப் போடாத முன்பள்ளியிலும் அவர் கண்டுகொண்டவை நடக்கலாம். பெயரைப் போட்ட முன்பள்ளியில் அவை நடக்காமலும் போகலாம். பூவரசங்குளம் போன்ற ஊர்களில் ஒரு முன்பள்ளியைப் பார்க்கப் போகும் அம்மாவோ, கிராம அபிவிருத்திச் சங்கத்தவரோ, வெளிநாட்டில் இருந்து உதவி அனுப்ப நினைக்கும் உறவினரோ சில விடயங்களைக் கவனிக்கலாம். பிள்ளை தன் சப்பாத்தைத் தானே கழற்றி ஒழுங்காக வைக்கிறதா? ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும் வரை அதை யாரும் குழப்பாமல் விடுகிறார்களா? தனக்குத் தண்ணீர் வேண்டும், வயிற்றுக்குள் நோகிறது என்று ஆசிரியையிடம் பயமில்லாமல் சொல்லுமா? ஆசிரியையும் அம்மாவும் கடைசியாக எப்போது உட்கார்ந்து கதைத்தார்கள்? இவற்றோடு பார்க்கையில் கொப்பியில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்பது சிறிய விடயம். தரம் 1க்குப் போகும் பிள்ளைக்கு மற்றவை இருந்தால் எழுத்து வந்து சேரும்.

உதவி என்று வரும்போது கட்டடத்துக்கும் ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் பணம் கிடைக்கிறது. கல்வெட்டில் பெயர் போடலாம். ஆசிரியையின் மாதக் கொடுப்பனவுக்கும் பயிற்சிக்கும் பணம் கொடுக்க ஆள் இல்லை, அதில் பெயர் பொறிக்க இடமில்லை. சிறு கொடுப்பனவோடு வருடக்கணக்கில் வேலை செய்து, தன் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கும் பெண்கள் வன்னி முழுக்க இருக்கிறார்கள். சான் லொரென்சோவில் அந்த அறை வெற்றி பெற்றதற்கு, பயிற்சி இல்லாத அந்த இளம் பெண்ணும் ஒரு காரணம். ஆனால் அவளுக்குப் பின்னால், ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துக் குறித்து வழிகாட்ட ஒரு மருத்துவர் இருந்தார். நம் ஆசிரியைகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை மாகாணக் கல்வி நிர்வாகமும் பிரதேச செயலகங்களும் ஊரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.